பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி: தோப்புக்கும் வீட்டுக்கும் ஒன்றாக வாங்கும்போது அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிப்பது எப்படி?

எங்கள் தோப்புக்குப் போகும் வழியில் கடைசி இரண்டு கிலோமீட்டர் கரிசல் மண். ஐப்பசி மழை விழுந்தால் சாதாரண கார் பாதிச் சக்கரம் புதைந்து நின்றுவிடும். ஆனால் அதே வண்டியில்தான் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும், மாதம் ஒருமுறை அம்மாவைக் கோயம்புத்தூரில் டாக்டரிடம் காட்ட வேண்டும். இரண்டு வண்டி வைத்துக்கொள்ள எல்லோராலும் முடியாது. அதனால் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியைத் தேடிப் போகிறோம்.

முதல் வண்டியை வாங்கும்போது நான் எஞ்சினைப் பார்த்தேன், லீவரைப் போட்டுப் பார்த்தேன், அடியில் குனிந்து பார்த்தேன். பின் சீட்டில் மட்டும் உட்கார்ந்து பார்க்கவில்லை. வாங்கிய வாரமே அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து உடுமலையிலிருந்து பழனிக்குப் போய் வந்தோம். இரண்டு நாள் இடுப்பு வலியோடு படுத்துவிட்டார். அன்றிலிருந்து பழைய வண்டி பார்க்கப் போனால் நான் முதலில் உட்காரும் இடம் பின் சீட்டுதான்.

கீழே உள்ளதெல்லாம் சொந்தக்காரர்களுக்காகவும் நண்பர்களுக்காகவும் வண்டி பார்க்கப் போய்ப் போய்த் தெரிந்துகொண்டது. ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணம் என்ன, வீட்டில் உள்ள சாமானை வைத்து எப்படிச் சோதிப்பது, விலையைக் குறைத்து வாங்கலாமா, வேண்டாம் என்று வந்துவிட வேண்டுமா என்று சொல்லியிருக்கிறேன்.

போகும் முன் விற்பவருக்கு போன் செய்து, நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூடான எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். ஒரு டார்ச், பழைய துணி, பெரிய அட்டை, சின்னக் காந்தம், அளவு டேப் கொண்டு போங்கள். ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். வீட்டில் வயதான ஒருவரையும் கூட்டிப் போங்கள்.

கதவைத் திறந்ததும் ஈர வாசம், அல்லது தூக்கலான சென்ட் வாசம்

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பெய்த பெருமழையிலும் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. அவற்றில் பல கழுவித் துடைக்கப்பட்டு வேறு மாவட்டங்களுக்கு விற்பனைக்குப் போயின. ஃபோர் வீல் வண்டிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வெள்ளமே வராத ஊரிலும் ஆற்றில் இறக்கி ஓட்டியிருப்பார்கள்.

முன் சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள், கடைசி அங்குலம் வரை. மேலே தினமும் கை படும் பகுதி சுத்தமாக இருக்கும். உள்ளே சுருண்டு கிடந்த பகுதியில் காவி நிறத்தில் ஒரு கோடு ஓடினால், தண்ணீர் அந்த உயரம் வரை நின்றிருக்கிறது. ஒருமுறை ஒரு கன்சல்டிங்கில் (பழைய வண்டி விற்கும் கடை) பளபளவென்று இருந்த வண்டியில் பெல்ட்டை இழுத்தேன். என் விரல் இடுக்கில் மாவு போலக் காய்ந்த வண்டல் உதிர்ந்தது. அந்த வண்டியின் கார்பெட் புதிது, சீட் கவர் புதிது, மேட் புதிது. பெல்ட்டை மாற்ற மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

பெல்ட் சுத்தமாக இருந்தாலும் கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை அமுக்கிப் பாருங்கள். சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா? டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்து ஒயர் இணைப்புகளைப் பாருங்கள். செம்பு பச்சை பூத்திருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. பிறகு சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் பழுது. எரியவே இல்லை என்றால் விளக்கையே பிடுங்கியிருக்கலாம், அது இன்னும் மோசம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்று உறுதியானால் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். இன்றைக்கு ஓடும். ஆறு மாதம் கழித்து, பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது நடுரோட்டில் நிற்கும். ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் தேவைப்படும் நேரத்தில் வேலை செய்யும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

எழுபது, எண்பதில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீரிங் உதறுகிறது, பிரேக் பிடித்து வேகம் குறைத்தால்தான் நிற்கிறது

ஜிப்சி, ஜிம்னி, பழைய மஹிந்திரா ஜீப்புகள் போன்றவற்றில் முன் இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்பு ஆக்சில் இணைக்கிறது. பாறையில் ஏறுவதற்கு இது மிக நல்ல அமைப்பு. ஆனால் அதன் மூட்டுகளில் தேய்மானம் வந்துவிட்டால், ஒரு சக்கரத்தில் விழும் அடி மறு சக்கரத்துக்குப் போய்த் திரும்ப வரும். உதறல் தானாக வளர்ந்துகொண்டே போகும். பைபாஸில் குடும்பத்தோடு போகும்போது இது வந்தால் உயிர் கையில் இருக்காது.

முதலில் முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். உதறல் குறைந்தால் பேலன்சிங் அல்லது டயர் பிரச்சினைதான், சுலபமாகத் தீரும். குறையவில்லை என்றால் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு வைத்துவிட்டு, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். லொட லொட என்றால் வீல் பேரிங் அல்லது கிங்பின் பேரிங். இடது வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் ராடு எண்டு. அப்புறம் வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவர் ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் சின்னதாகத் திருப்ப, நீங்கள் முன்னால் குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். காயில் ஸ்பிரிங் வண்டியாக இருந்தால், ஆக்சிலையும் சேசிஸையும் குறுக்காக இணைக்கும் ராடின் புஷ்ஷைக் கட்டாயம் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. புத்தம் புது ஸ்டீரிங் டாம்பர் (ஸ்டீரிங் அதிர்வை அமுக்கும் ஷாக் அப்சார்பர்) மாட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். டாம்பர் உதறலை அமுக்கி வைக்குமே தவிர காரணத்தைச் சரிசெய்யாது. அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க மெக்கானிக்கிடம் சொல்லலாம்.

இவை எல்லாம் மாற்றக்கூடிய பாகங்கள்தான். விலையைக் குறைத்து வாங்கலாம். ஆனால் சரிசெய்யும்வரை வீட்டாரை ஏற்ற வேண்டாம்.

தார் ரோட்டில் யூ டர்ன் போட்டால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல் இருக்கிறது, டயர் கீச்சிடுகிறது

மஹிந்திரா தார், ஜிப்சி, ஜிம்னி, கூர்க்கா, ஸ்கார்ப்பியோ எல்லாம் பார்ட் டைம் ஃபோர் வீல் வண்டிகள், அதாவது தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்தையும் இழுக்க வைப்பவை. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் (வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீளமான பாதையில் ஓடுகின்றன. மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சமாளித்துவிடும். தார் ரோட்டில் வழுக்க முடியாது. அந்த இறுக்கம் முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் பெட்டி) மேலும் ஷாஃப்ட் மேலும் ஏறும்.

லீவர் ஃபோர் எச்சில் (4H, நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) இருந்தால் டூ எச்சுக்கு (2H, இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) மாற்றி, நேராகப் பத்து அடி பின்னால் எடுங்கள். பெரும்பாலும் விட்டுவிடும். லீவர் டூ எச்சில் இருந்தும் இழுத்தால் முன் ஹப் அல்லது ஆக்சில் கழன்றுகொள்ளவில்லை என்று பொருள். வேக்குவம் ஹப் உள்ள வண்டியில் விரிசல் விட்ட ஒரு ரப்பர் டியூபே காரணமாக இருக்கலாம். அது சின்ன வேலை. ஆனால் விற்பவர் "எப்பவும் ஃபோர் எச்சில்தான் சார் ஓட்டுவேன், கிரிப் நல்லா இருக்கும்" என்று சொன்னால், டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறந்து பார்க்கும் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எல்லா வண்டியும் இப்படி இல்லை. இங்கே 2009இல் வந்த முதல் தலைமுறை ஃபார்ச்சூனர் ஃபோர் வீலில் நடு டிஃபரன்ஷியல் உண்டு, எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும். அடுத்த தலைமுறையில் பார்ட் டைம் ஆனது. ஒரே பெயர், ஓட்டும் முறை வேறு.

ஃபோர் எல் (4L, மெதுவாக ஊர்ந்து இழுக்கும் லோ கியர்) விழவில்லை, அல்லது விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது

பள்ளி, கடை என்று மட்டும் ஓடிய வண்டியில் இது சகஜம். வருடக்கணக்கில் அசையாத லீவரும் மோட்டாரும் இறுகிப்போகும். வண்டியை முழுவதுமாக நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்சை அழுத்திப் போடுங்கள். விழாவிட்டால் ஓரடி நகர்த்தி மறுபடி போடுங்கள்.

விழுந்தது போதாது, வேலை செய்ய வேண்டும். மணல் அல்லது உழுத மண் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் மெதுவாக எடுங்கள். வண்டிக்கு நேர் முன்னால் நிற்காமல் பக்கத்தில் தள்ளி நின்று ஒருவர் முன் சக்கரம் இழுக்கிறதா என்று பார்க்கட்டும். ஃபோர் எல்லில் முதல் கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விட்டால் வண்டி ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து போக வேண்டும்.

இன்னொன்று: பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஃபோர் வீல் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். ஒரே மாடலில் இரண்டு வகையும் விற்கிறது. தாரிலேயே 2023 ஜனவரியில் டூ வீல் டிரைவ் வகை வந்தது. குனிந்து முன் சக்கரங்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் உருண்டை இருக்கிறதா, அதிலிருந்து இரு பக்கமும் ஷாஃப்ட் போகிறதா என்று பாருங்கள்.

கிளட்சை விட்டதும் அடியில் டொக்கென்று சத்தம். அறுபதுக்கு மேல் ஊளை

டொக் சத்தம் பெரும்பாலும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் (மூட்டு). கட்டை வைத்து நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அடியில் கை விட்டு ஷாஃப்ட்டை முறுக்கிப் பார்த்தாலே ஆட்டம் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை.

ஊளை வேறு கதை. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு சுருதியிலும் விட்டதும் இன்னொரு சுருதியிலும் கேட்டால் கிரவுன் பினியன் (டிஃபரன்ஷியலின் பல்சக்கரங்கள்) தேய்ந்திருக்கலாம். மட் டயரின் இரைச்சலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. டயர் சத்தம் மிதித்தாலும் விட்டாலும் மாறாது. ரோடு மாறினால்தான் மாறும்.

இங்கே ஒரு சோதனையை யாரும் விடக் கூடாது. முன் ஹவுசிங், பின் ஹவுசிங் (டிஃபரன்ஷியல் உருண்டைகள்) இரண்டிலும் ஆயில் ஊற்றும் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருந்தால் சரி. டிகாஷனில் பால் ஊற்றியது போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஓடிச் சூடான ஹவுசிங் ஆற்றுத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. மேலே உள்ள பிரீதர் (காற்று போய் வரும் துளை) அடைத்திருந்தால், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஆயிலோடு எத்தனை நாள் ஓடியது என்பது விற்பவருக்கு மட்டுமே தெரியும். ஊளையும் பால் நிற ஆயிலும் சேர்ந்து இருந்தால் நான் பேரம் பேசுவதில்லை, வந்துவிடுவேன்.

அடியில் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறது

கல் கீறிய தழும்புகள், நெளிந்த ஸ்கிட் பிளேட் இவை எனக்குக் கவலை தருவதில்லை. அது அதன் வேலையைச் செய்திருக்கிறது. விற்பனைக்கு முந்தின வாரம் அடித்த கறுப்புப் பூச்சுதான் கவலை. ஏணி போன்ற சேசிஸின் நீளச் சட்டங்களை ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மந்தமாகக் கேட்கும். கடற்கரை மணலில் ஓட்டிக் கழுவாமல் விட்ட வண்டிகளில் உப்பு உள்பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வரும். குறுக்குச் சட்டங்கள், ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்கள், ஸ்டீரிங் பெட்டி சேசிஸோடு சேரும் இடம், இங்கெல்லாம் விரிசலோ வெல்டிங்கோ இருக்கிறதா என்று பாருங்கள். சேசிஸ் எண் பொறித்த இடத்துக்கு அருகில் வெல்டிங் இருந்தால் உடனே திரும்பிவிடுங்கள். பாடியில் பட்டி பார்த்த இடங்களைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். பட்டியின் மேல் அது ஒட்டாது.

பெரிய டயர், உயர்த்திய வண்டி: பார்க்க நன்றாக இருக்கிறது, ஓட்டினால் மிதக்கிறது

இதில் என் கருத்து உறுதியானது. குடும்பத்துக்கு வாங்கினால் கம்பெனி அளவில் இருக்கும் வண்டியைத் தேடுங்கள். உயர்த்தினால் எடை மேலே போகும், வளைவில் சாயும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும்.

மீட்டரும் பொய் சொல்லும். 235/70 ஆர் 16 டயரின் உயரம் ஏறத்தாழ 735 மில்லிமீட்டர். அதைக் கழற்றிவிட்டு 31 அங்குல டயர் போட்டால் உயரம் 787. ஏழு சதவீதம் அதிகம். மீட்டர் 80 காட்டும்போது நீங்கள் உண்மையில் 85க்கு மேல் போகிறீர்கள். அந்த டயரிலேயே ஓடி 60,000 காட்டும் வண்டி உண்மையில் 64,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும்.

டயரின் பக்கத்தில் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. இந்த வண்டிகள் பல நாள் சும்மா நிற்கும், அதனால் பட்டன் (டயரின் மேல் வெட்டு) நிறைய இருக்கும், ரப்பர் கட்டையாகியிருக்கும். ஈர ரோட்டில் அது பிடிக்காது. ஆறு வருடம் தாண்டியிருந்தால் ஐந்து டயரின் விலையையும் பேரத்தில் கழியுங்கள். ஐந்தும் ஒரே அளவாக இருப்பது முக்கியம். அளவு மாறிய டயர்களோடு ஃபோர் வீலில் ஓட்டினால், மேலே சொன்ன இறுக்கம் நேர் ரோட்டிலேயே வரும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸில் இது பிரச்சினையாகலாம். முன்னால் மாட்டும் இரும்பு புல் பார் விஷயத்திலும் 2017 டிசம்பரில் மத்திய அரசு நடவடிக்கை எடுக்கச் சொன்னது. மோதல் வேகத்தை அது நேராக சேசிஸுக்கு அனுப்பும், ஏர்பேக் விரியும் நேரத்தைக் குழப்பும், எதிரே வரும் ஆளுக்கும் ஆபத்து. இருந்தால் கழற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பின் சீட்டில் பிள்ளைக்கு வாந்தி, பெரியவர்களால் ஏற முடியவில்லை

இதைப் பழுது என்று யாரும் எழுதுவதில்லை. என் அனுபவத்தில், வாங்கிய வண்டி ஒரு வருடத்துக்குள் மறுபடி விற்பனைக்குப் போக இதுதான் முதல் காரணம்.

முதலில் பின் இருக்கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். 2010இல் வந்த பழைய தாரிலும், பல ஜீப்புகளிலும், ஜிப்சியிலும் பின்னால் எதிரெதிரே பெஞ்சு போல இருக்கும். அதில் குழந்தை சீட்டைப் பொருத்த முடியாது. மோதினால் உடம்பு பக்கவாட்டில் வீசப்படும். என்ன விலைக்குக் கிடைத்தாலும், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். 2020 அக்டோபரில் வந்த புதிய தாரில் முன்னோக்கிய பின் இருக்கை வந்தது, குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஆனால் தொடக்கத்தில் அதிலும் பக்கவாட்டு பெஞ்சு உள்ள ஆறு இருக்கை வகை விற்றது. பழைய சந்தையில் பார்க்கும்போது பின் கதவைத் திறந்து உறுதிசெய்யுங்கள். இருக்கையின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் விரலை விட்டு, ஐஸோஃபிக்ஸ் கம்பி (குழந்தை சீட்டை மாட்டும் கொக்கி) இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

அப்புறம் ஏறும் உயரம். கூட்டி வந்த பெரியவரை ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஒருமுறை போதாது, மூன்று முறை. முதல் தடவை ஆர்வத்தில் ஏறிவிடுவார்கள். மூன்றாவது தடவை முழங்கால் உண்மையைச் சொல்லும். மூன்று கதவுத் தாரில் முன் சீட்டை மடக்கி, அந்த இடுக்கு வழியாகத்தான் பின்னால் போக வேண்டும். எங்கள் அத்தை ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு, சேலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றதைப் பார்த்துத்தான் அந்த வண்டி வேண்டாம் என்று முடிவு செய்தோம். வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஐந்து கதவு வேண்டுமானால் 2023 ஜூனில் வந்த ஜிம்னி, 2024 ஆகஸ்டில் வந்த தார் ராக்ஸ் உண்டு. ஜிம்னியில் நான்கு பேருக்குத்தான் இடம், ஊருக்குப் போகும் மூட்டை முடிச்சுக்குப் பின்னால் இடம் போதாது.

இப்போது ஓட்டம். சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் உட்காருங்கள். வேகத்தடை, உடைந்த ரோடு, இரண்டு வளைவு, இவை போதும். குத்துக் குத்தாக அடித்தால் லீஃப் ஸ்பிரிங் அப்படித்தான், அல்லது காற்று அதிகம். வேகத்தடை தாண்டிய பிறகும் இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. எண்ணெய் கசிந்த தடம் இருக்கும். வளைவில் பின்பக்கம் தனியாக வழுகுவது போல இருந்தால் லீஃப் ஷேக்கிள் புஷ். ஷாக்கும் புஷ்ஷும் மாற்றினாலே பல வண்டிகளில் பிள்ளைகளின் வாந்தி நின்றுவிடும். பட்டறைக்காரர் முதலில் செலவு சொல்ல வேண்டிய இடமே இதுதான்.

உங்கள் பாதை வெறும் மண்பாதைதான், பாறையும் ஆறும் இல்லை என்றால் இன்னொரு வழி உண்டு. ஒரகடத்தில் செய்த பழைய ரெனோ டஸ்டரில் 2014 முதல் ஆல் வீல் டிரைவ் வகை வந்தது. லோ கியர் கிடையாது. ஆனால் பின்னால் இரண்டு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், உட்கார்ந்தால் கார் போலவே இருக்கும். எங்கள் தோப்பு வழிக்கு அதுவே போதுமானது. இப்படி விற்பனை நின்றுபோன வண்டிகளை, மறைமலை நகரில் செய்த எண்டேவரையும் திருவள்ளூரில் செய்த பஜேரோவையும் சேர்த்துச் சொல்கிறேன், வாங்கும் முன் உங்கள் மெக்கானிக்கிடம் இரண்டு மூன்று பாகங்களின் பெயரைச் சொல்லி எத்தனை நாளில் கிடைக்கும் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். வீட்டு வண்டி பட்டறையில் ஒரு மாதம் நிற்கக் கூடாது.

பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது

காலிபர் இறுகியிருக்கலாம், அல்லது ஆக்சில் சீல் கசிந்து ஹவுசிங் ஆயில் பிரேக் ஷூவில் இறங்கியிருக்கலாம். பின் டிரம்மைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே காய்ந்த சேறு கட்டியாக விழுந்தால் வண்டி எங்கே ஓடியது என்று தெரிந்துவிடும். பிரேக் ஆயில் கறுத்திருந்தால் கட்டாயம் மாற்ற வேண்டும். பழைய ஆயிலில் ஈரம் சேர்ந்திருக்கும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக் சூடேறி, அந்த ஈரம் ஆவியாகி, பெடல் தொபக்கென்று உள்ளே போய்விடும். இது மலிவான வேலை, ஒத்திப்போடக் கூடாத வேலை.

புகை, இழுவை இல்லை

ஸ்டார்ட் செய்ததும் பின்னால் நின்று பாருங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. கறும்புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்தால், கிழிந்த டர்போ குழாய் முதல் இன்ஜெக்டர் வரை எதுவும் இருக்கலாம். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

மண்ணில் ஓடிய வண்டிக்கென்றே ஒரு சோதனை உண்டு. ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஃபில்டருக்கு அப்பால் எஞ்சின் பக்கம் போகும் குழாயின் உள்ளே வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் செம்மண் வந்தால் அந்தத் தூசி சிலிண்டருக்குள்ளும் போயிருக்கிறது. சரியாக அடைக்காமல் மாட்டிய ஸ்னார்க்கெல் (எஞ்சினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்) வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். அப்படிப்பட்ட எஞ்சினை நான் வாங்க மாட்டேன்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசலாக இருந்தால், டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள். அந்த வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள வண்டி நீண்ட தூரம் சூடாக ஓட வேண்டும். உங்கள் தினசரி ஓட்டம் மூன்று கிலோமீட்டர் பள்ளிதான் என்றால் பெட்ரோல் வண்டியைப் பாருங்கள்.

ஏசி போட்டு மலை ஏறினால் சூடாகிறது

ரேடியேட்டரின் இடுக்குகளில் சேறு அடைத்திருக்கும். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்தால் தெரியும். கழுவியும் தீரவில்லை என்றால் ஃபேன் கிளட்ச், தெர்மோஸ்டாட். கூலன்ட் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறங்கள். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு மிதந்தால் ஹெட் கேஸ்கெட் வரை போயிருக்கலாம்.

காகிதம் ஒத்துப்போகவில்லை

ஆர்.சி-யில் உள்ள எஞ்சின் எண், சேசிஸ் எண், இருக்கை எண்ணிக்கை, எரிபொருள் நான்கையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். பழைய ஜீப்புகளில் வேறு எஞ்சின் மாற்றிவிட்டு ஆர்.சி-யில் ஏற்றாமல் ஓட்டுவது உண்டு. ராணுவ ஏலத்தில் எடுத்த ஜிப்சியாக இருந்தால், செய்த வருடத்துக்கும் பதிவான வருடத்துக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும். பேரம் பேச வேண்டியது செய்த வருடத்தை வைத்து. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதற்குப் பிறகு எஃப்.சி காட்டி ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். பதினான்காவது வருடத்தில் விற்கிறார்கள் என்றால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

கடன் இருந்தால் பைனான்ஸ் என்.ஓ.சி-யும் 35ஆம் படிவமும் கைக்கு வந்த பிறகே முழுப் பணம் கொடுங்கள். 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கும் அன்றே சேசிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். எண் தெளிவாக விழவில்லை என்றால் காரணம் தெரியும்வரை அட்வான்ஸ் வேண்டாம்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் எஞ்சின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு ஹவுசிங் ஆகிய ஐந்திலும் ஆயிலை மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலைத் தனித்தனிப் பாத்திரத்தில் பிடித்து, ஒவ்வொன்றிலும் காந்தத்தை விட்டு எடுங்கள். சாம்பல் நிறத்தில் மாவு போல ஒட்டினால் இயல்பான தேய்மானம். நகம் அளவு துண்டு ஒட்டினால் எந்தப் பாத்திரம் என்று குறித்துக்கொண்டு, அதைத் திறந்து பார்க்கும்வரை மலைப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.